கப்பலில் வாங்கிய பாட்டில் வீடு வந்து சேருமா?

(நமது சங்கத்தின் நவம்பர் 2025 மாதாந்திரக் கூட்டத்தில், சுங்கத் தரகு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். டிசம்பர் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவசியம் படிக்கவும். – ஆசிரியர் குழு)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி கணக்கு எல்லாம் முடிந்து எல்லோரும் காபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

டிசம்பரில் நம் குடியிருப்பிலிருந்து 22 பேர் சிங்கப்பூர் போகிறார்கள். அங்கே கப்பலில் ஏறி, பினாங்கு தொட்டு, மூன்று இரவு கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்கி, அன்று இரவே விமானத்தில் சென்னை திரும்புகிறார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்தது. "கப்பல்ல டூட்டி ஃப்ரீ ரொம்ப சீப்பாம், யாருக்கு என்ன வேணும்னு பேர் போடுங்க" என்று ஆரம்பித்து, நேற்று இரவு நான் பார்த்தபோது 31 பாட்டிலில் நின்றது. பயணம் போகாதவர்களும் பெயர் போட்டிருக்கிறார்கள். பொருளாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான், "சார், நீங்க வேலை பார்த்த துறை, ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

குடிக்கலாமா கூடாதா என்று பேச நான் வரவில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். வாங்கிய பொருள் எந்தெந்த வாசலைத் தாண்டி வர வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த "டூட்டி ஃப்ரீ" என்ற சொல். அதை நாம் "வரியே கிடையாது" என்று எடுத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. எந்த நாட்டுக்குள்ளும் இன்னும் நுழையாத பொருள் என்பதால், விற்கும் இடத்தில் யாரும் வரி போடவில்லை, அவ்வளவுதான். விமான நிலையத்தில் இப்படி ஒரு கடையை முதன்முதலில் 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறந்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் போட இறங்கும் இடம் அது. பயணி இன்னொரு நாட்டுக்குப் போகிறவர், பொருளை அயர்லாந்துக்குள் கொண்டு போகப் போவதில்லை, அதனால் அயர்லாந்து வரி வேண்டாம் என்பதுதான் கணக்கு. கப்பல் கடைக்கும் இதே கணக்குதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்தக் கடைகள் பொதுவாக மூடியிருக்கும், கடலுக்குள் போன பிறகுதான் திறக்கும். கவனித்துப் பாருங்கள்.

ஆகவே, வாங்கும்போது தள்ளிவைத்த கேள்வியை, நீங்கள் கரையேறும் ஒவ்வொரு நாடும் உங்களிடம் திரும்பக் கேட்கும். 2023 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்கு எம்ப்ரஸ் கப்பல் போனது. அந்த மாதிரிப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் சென்னை. இறங்கும்போது ஒரே ஒரு சுங்கம், நம் சுங்கம். உங்கள் பயணம் அப்படி இல்லை. கப்பல் முடிவது சிங்கப்பூரில். பிறகு விமானம். அதாவது முதலில் சிங்கப்பூர் சுங்கம், பிறகு விமானப் பாதுகாப்புச் சோதனை, கடைசியில் சென்னை சுங்கம். வாசல் மூன்று. பட்டியல் போட்டவர்கள் சென்னையை மட்டும்தான் நினைத்துப் போட்டிருக்கிறார்கள்.

கப்பலில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் பணம் கட்டியதும் பாட்டிலைப் பெரும்பாலும் கையில் தரமாட்டார்கள். எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி இரவு அல்லது கடைசி நாள் காலையில் தருவார்கள். நீங்கள் அறையில் அதைத் திறந்து குடித்துவிட்டால் அவர்களுடைய பார் வியாபாரம் என்னாவது? பினாங்கில் இறங்கி வாங்கி வந்தாலும் கப்பல் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆக, இறங்கும் நாள் காலையில், பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு, புதிதாக ஒரு கனம் உங்கள் கையில் வந்து சேரும். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. விமான எடைக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிங்கப்பூர். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

"நாங்க சிங்கப்பூர்ல தங்கவே போறதில்ல சார், நேரா ஏர்போர்ட்தான்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தங்குகிறீர்களா என்பது கேள்வியே இல்லை. கப்பல் முனையத்தில் இறங்கி, குடிநுழைவு தாண்டி, சாலையில் கால் வைத்தால் நீங்கள் சிங்கப்பூருக்குள் வந்தவர், உங்கள் பையில் இருப்பது சிங்கப்பூருக்குள் வந்த பொருள். பன்னிரண்டு மணி நேரத்தில் அது திரும்ப வெளியே போகும் என்பதற்காகச் சலுகை கிடையாது.

சிங்கப்பூர் ஒரு சலுகை அளவு வைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் அது மொத்தம் 2 லிட்டர். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் நம் ஊரிலும் 2 லிட்டர், இரண்டும் ஒன்று என்று தோன்றும். ஒன்று இல்லை. சிங்கப்பூர் கணக்கில் விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா போன்ற காட்டமான சரக்கு ஒரு லிட்டர்தான். மீதி ஒரு லிட்டர் ஒயினாகவோ பீராகவோ இருக்க வேண்டும். காட்டமானது வேண்டாம் என்றால் ஒயின் மட்டும் 2 லிட்டர், அல்லது பீர் மட்டும் 2 லிட்டர், அல்லது ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். விஸ்கியே இரண்டு லிட்டர் என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

இந்தச் சலுகையும் எல்லோருக்கும் இல்லை. 18 வயது முடிந்திருக்க வேண்டும். வருவதற்கு முன்னால் தொடர்ந்து 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தவராக இருக்கக் கூடாது.

மூன்று இரவு என்பதால் 48 மணி நேரம் தாண்டிவிடும், சரி. மாட்டுவது கடைசி நிபந்தனையில். உங்கள் கப்பல் தொட்டு வருவது பினாங்கு. பினாங்கு மலேசியா. அந்த ஊருக்குப் போய்விட்டு நேரே சிங்கப்பூரில் இறங்குகிறவர் அந்த 2 லிட்டர் சலுகையை நம்பி வாங்கக் கூடாது. ஒரு பாட்டிலாக இருந்தாலும் வரி உண்டு என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். இரண்டு இரவுக் கப்பல் எடுத்தவர்களுக்கு 48 மணி நேரமே நெருக்கடி. சுற்றுலா விளம்பரத் தாளில் இதெல்லாம் ஒரு வரி கூட இருக்காது.

வரி எவ்வளவு வரும்? சிங்கப்பூரில் ஒயினுக்கும் காட்டமான சரக்குக்கும் பாட்டில் விலையைப் பார்த்து தீர்வை போடுவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் டாலர். ஒரு லிட்டர் விஸ்கியில் 40 சதவீதம் ஆல்கஹால் என்றால், 88இல் 40 சதவீதம், 35 டாலர் 20 காசு. அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2024 ஜனவரி முதல் அது 9 சதவீதம். அதுவும் பாட்டில் விலை, தீர்வை இரண்டையும் கூட்டி வரும் தொகை மேல். கப்பலில் 50 டாலருக்கு வாங்கிய பாட்டில் என்று வைத்துக்கொண்டால், 85 டாலர் 20 காசுக்கு ஜிஎஸ்டி ஏழரை டாலருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 43 டாலர். இன்றைய ரூபாயில் 2,800க்கு மேல். 50 டாலர் பாட்டில் 93 டாலர் ஆகிவிட்டது. இன்னும் நாம் விமானத்தில் ஏறவே இல்லை.

"எல்லாரையும் செக் பண்ணுவாங்களா?" என்று அங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பண்ண மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் போய் மாட்டினால், கட்டியிருக்க வேண்டிய வரியைப் போலப் பல மடங்கு அபராதம் போட அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. இரவு விமானம் பிடிக்க வேண்டிய நாளில், குழுவில் ஒருவர் சுங்க அறையில் உட்கார்ந்திருக்க, மீதி 21 பேர் பெட்டியோடு வெளியே நிற்பதை யோசித்துப் பாருங்கள். சலுகைக்கு மேல் இருந்தால் சிவப்புப் பாதையில் போய், இருக்கிறது என்று சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டு வருவதுதான் வழி.

சிகரெட் பற்றி ஒரே ஒரு வாக்கியம். சிங்கப்பூரில் சிகரெட்டுக்குச் சலுகை அளவே கிடையாது. கப்பலில் மலிவு என்று ஒரு பெட்டி வாங்கினாலும் வரி உண்டு.

அடுத்தது விமானம். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். கப்பலில் வாங்கிய பாட்டிலுக்கும் அது பொருந்தும். விமான நிலையத்துக் கடையில் வாங்கினால் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லையும் உள்ளேயே தெரியும்படி வைத்து, பிரித்தால் தெரியும்படி ஒட்டித் தருவார்கள். அந்தப் பைக்குத்தான் 100 மில்லி விதியிலிருந்து விலக்கு. கப்பல் கடையின் அழகான காகிதப் பைக்கு அந்த மதிப்பு இல்லை.

எனவே கப்பல் பாட்டில் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். இதில் சாங்கி விமான நிலையத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சென்னையில் பாதுகாப்புச் சோதனை முடித்துவிட்டுத்தான் உள்ளே கடைகளைப் பார்ப்போம். சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்து, குடிநுழைவு தாண்டி, கடைகளைச் சுற்றி, வாசல் வரை நிம்மதியாக வந்துவிடலாம். அங்கேதான் "இது கூடாது" என்பார்கள். அந்த நேரம் உங்கள் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கும். வரியும் கட்டி, பாட்டிலையும் அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

பெட்டிக்குள் வைப்பதற்கும் அளவு உண்டு. 24 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளதற்கு, அதாவது பீர், ஒயின் வகைக்கு, விமானப் பாதுகாப்பு விதியில் கட்டுப்பாடு இல்லை. 24க்கு மேல் 70 வரை என்றால் ஒருவருக்கு 5 லிட்டர், கடையில் விற்ற மூடி திறக்காத பாட்டிலாக. 70க்கு மேல் இருந்தால் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. சில வகை ரம், அப்சிந்த் எல்லாம் இந்தக் கணக்கில் வரும், லேபிளைப் பாருங்கள். இந்த 5 லிட்டர் தீப்பிடிக்கும் அபாயத்தைக் கணக்கிட்டு வைத்த அளவு. அதற்கும் சுங்கச் சலுகைக்கும் சம்பந்தமில்லை. "ஏர்லைன்ஸ்லயே அஞ்சு லிட்டர்னு போட்டிருக்கான்" என்று சென்னை சுங்கத்தில் போய் வாதாடுபவர்களை நான் என் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டுவது பற்றி: மேலே போனால் பாட்டில் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பெட்டிகள் வைக்கும் பகுதியிலும் காற்றழுத்தம் உண்டு. உடைவது இறக்கி ஏற்றும்போதுதான். மூடியைச் சுற்றி டேப், பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், அதை ஜீன்ஸ் துணிக்குள் சுருட்டி, பெட்டியின் நடுவில். ஓரத்தில் வைக்காதீர்கள். இரண்டு பாட்டில் ஒன்றோடொன்று தொடக் கூடாது. பட்டுப் புடவைகளை வேறு பெட்டியில் வையுங்கள்.

இனி சென்னை. பேக்கேஜ் விதிகளின்படி ஒரு பயணிக்கு 2 லிட்டர் மது, என்ன வகையாக இருந்தாலும். ஆனால் நீங்கள் கொண்டு வரும் மற்ற பொருள்களோடு சேர்த்து வரியில்லா மதிப்பு அளவுக்குள் இருக்க வேண்டும்; 2025இல் அந்த அளவு 50,000 ரூபாயாக இருந்தது. பையனுக்கு ஒரு கேமரா வாங்கி அந்த அளவு தீர்ந்துவிட்டால், பாட்டில் அதற்கு மேல்தான் நிற்கும். 2 லிட்டருக்கு மேல் போனால், அந்தக் கூடுதலுக்கு வரும் வரி பாட்டிலின் விலையைவிட அதிகம். சென்னையில் இறங்கியதும் பெட்டி வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறதே, அதில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள்தான். ஏற்கெனவே பெட்டியில் 2 லிட்டர் இருக்க, அங்கே சலுகை விலை பார்த்து இன்னொன்று எடுப்பவர்கள் உண்டு.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் கீழே யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்: "22 பேர், 44 லிட்டர், தாராளமா வரும்." அந்த 22 பேரில், எனக்குத் தெரிந்து, ஜென்மத்தில் மதுவைத் தொடாத மாமிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு 74 வயது. அவர்களைக் கேட்டார்களா என்று விசாரித்தேன். கேட்கவில்லை. "மாமி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பெட்டில ஓரமா வெச்சா போதும்" என்பது பதில்.

ஒரு பயணியின் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்கக் கூடாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. கணவன் மனைவிக்கும் அப்படித்தான், அவரவர் கணக்கு அவரவருக்கு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும் என்கிறது. பெட்டியைத் திறக்கச் சொன்னால் அதிகாரி மாமியிடம்தான் கேட்பார். "இது சி பிளாக் தம்பி கொடுத்தது" என்று மாமி சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். இன்னொருவர் பொருளைச் சுமந்து வந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சிங்கப்பூரிலும் அதே கதை, அங்கே மொழியும் புரியாது.

பணம். பட்டியலில் சிலர் முன்பணம் அனுப்பிவிட்டார்கள், விலைக்கு மேல் "சுமை கூலி 300" என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. வேடிக்கையாகப் போட்டிருக்கலாம். சுங்கச் சலுகை சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும்தான். அண்ணன் ஊரிலிருந்து வந்து தம்பிக்கு ஒரு பாட்டில் தருவது அன்பளிப்பு. ஆர்டர் எடுத்து, காசு வாங்கி, மேலே லாபமும் வைத்துக் கொடுத்தால் அது விற்பனை. உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றம். அதுவும் நம் சங்கத்தின் பெயர் போட்ட வாட்ஸ்அப் குழுவில், தேதி நேரத்தோடு, யார் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறது. தலைவரும் செயலாளரும் அந்தக் குழுவின் அட்மின்கள். இன்று இரவே அந்தப் பட்டியலை நீக்கி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்காக ஒன்றிரண்டு வாங்க வேண்டுமென்றால் என்ன செய்வது? கப்பலில் வாங்காதீர்கள். கப்பல் கடையில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று எழுதியிருப்பார்கள், அந்த இலவசத்துக்கும் சிங்கப்பூரில் தீர்வை உண்டு, ஏனென்றால் அவர்கள் அளப்பது ஆல்கஹாலை. குடிநுழைவு தாண்டிய பிறகு சாங்கிக்குள் இருக்கும் கடையில் வாங்குங்கள். சிங்கப்பூர் சுங்கம் அதோடு முடிந்தது, ஒட்டிய பையில் வரும், கையில் எடுத்துப் போகலாம், நேராகச் சென்னை விமானம். மீதி இருப்பது நம் 2 லிட்டர் கணக்கு மட்டும். அதுவும் தூக்க முடியாது என்றால் சென்னையில் இறங்கி வாங்குங்கள். விலையில் சிறிது முன்னே பின்னே இருக்கலாம். கப்பல் பாட்டிலுக்கு அந்த 43 டாலரைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

ஒட்டிய பையை விமானத்தில் பிரித்து ஊற்றிக்கொள்ளாதீர்கள். சொந்தச் சரக்கை விமானத்தில் குடிக்க அனுமதி இல்லை.

(உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகள்)

கேள்வி: கப்பலில் பாதி குடித்த பாட்டிலை மூடி எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். 24 சதவீதத்துக்கு மேல் உள்ளது கடையில் விற்ற நிலையில், மூடி திறக்காமல் இருக்க வேண்டும். கப்பலிலேயே நண்பர்களோடு முடித்துவிடுங்கள், அல்லது அறையில் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: நான் குடிக்காதவள். என் 2 லிட்டருக்குப் பதில் சாக்லேட், வாசனைத் திரவியம் கூடுதலாகக் கொண்டு வரலாமா?

பதில்: பண்டமாற்று கிடையாது அம்மா. ஆனால் உங்கள் வரியில்லா மதிப்பு அளவு முழுவதும் உங்களுடையது, சாக்லேட்டே வாங்குங்கள். யாராவது அதில் பங்கு கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் மூவர் சென்னையில் இறங்கி அப்படியே மதுரைக்கு விமானம் பிடிக்கிறோம். ஒட்டிய பை செல்லுமா?

பதில்: சென்னையில் பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, உள்நாட்டு முனையத்தில் திரும்பப் பெட்டி கொடுப்பீர்கள் அல்லவா? அதற்கு முன்பே பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள். பில்லைத் தூக்கி எறியாமல் பர்ஸில் வைத்திருங்கள்.